எடையும் நீதியும்

வலிமை ஒவ்வாதாரை ஒருங்கே ஓடவிடுதல் நீதியாகாது. மோட்டார்ப் பந்தயத்தில் வண்டிகளை வகுப்புகளாகப் பிரித்தமைக்கு இதுவே காரணம்.

1902இல் பாரிஸிலிருந்து வியன்னாவரை நடந்த பந்தயத்தில் எடையே அளவுகோலாயிற்று. பெருவண்டிகளுக்கு உச்சவரம்பு 1000 கிலோகிராம். 650 கிலோகிராமுக்கு உட்பட்டவை இலேசு வண்டிகள். ஆல்ப்ஸ் மலையேற்றங்களைக் கடந்து, பெருவண்டிகளையும் வென்று முதலிடம் பெற்றவர் இலேசு வண்டி ஓட்டிய மார்சல் ரெனோ.

ஆயினும், வண்டி செய்வோர் விதியை மீறாமலே அதன் நோக்கத்தைத் தோற்கடித்தனர். சட்டகத்தை மெலிவித்து, மிச்சப்பட்ட எடையை இயந்திரத்துக்கு அளித்தனர், வேகம் பெருகிற்று. 1903இல் பாரிஸ்–மத்ரித் பந்தயத்தில், புழுதியும் சனக்கூட்டமும் நிறைந்த வீதிகளில் பலர் மாண்டனர். அவர்களுள் மார்சல் ரெனோவும் ஒருவர். பந்தயம் போர்தோவிலேயே நிறுத்தப்பட்டது.

நேயர்களே, பொழுதுபோக்காக ஓட்டுவோரின் ஆட்டோக்ராஸ் பந்தயங்களிலும் இன்று வகுப்புகள் உண்டு. எடையோடு இயந்திரத்தையும், வண்டியிற் செய்த மாற்றங்களையும் சேர்த்து நோக்கினாலன்றி அங்கும் நீதி நிலையாது.