பத்திரிகைப் படமும் காசோலை அட்டையும்

நிதி சேர்க்கும் நிகழ்வுக்கு ஊடகரை அழைக்கும்போது நேரம், இடம், படத்தில் நிற்பவர்களின் பெயர்களை முன்கூட்டியே அனுப்புவோம். பேச்சுகள் முடியும்வரை படப்பிடிப்பாளர் காத்திருக்கமாட்டார். படத்தை முதலில் எடுப்போம். ஜெர்சி சிட்டி லிபர்ட்டி பூங்காவில் மன்ஹாட்டன் பின்னணிக்குப் பிற்பகலே நல்லது. காலை வெயில் முதுகுப்பக்கம் விழுவதால் முகங்கள் இருண்டுவிடும்.

பெரிய காசோலை அட்டையில் எழுதும் தொகையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 2015இல் மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு 5 இலட்சம் டொலர் தந்து தொடக்கினார்கள். 60 இலட்சம் இலக்கு நிறைந்தது 2018இல். இலக்கு வேறு, வாக்குறுதி வேறு, வரவு வேறு. வங்கிக்கு வந்ததையே அட்டையில் எழுதுவோம். 250 டொலரோ கூடவோ தந்தவருக்கு வரிக்கழிவு கோர எழுத்துமூலப் பற்றுச்சீட்டும் வேண்டும். படமும் கணக்கும் முரண்பட்டால் அடுத்த வருடம் எவரும் தரமாட்டார்கள்.