டெஸ்டினோஸ்: கதைவழி வந்த ஸ்பானிய மொழி

கல்லூரியில் தொடக்கநிலை ஸ்பானிய மொழியை இணையவழி பயில்வது இன்று வியப்பன்று. இதற்கு முன்னோடிகளுள் ஒன்று, அமெரிக்காவில் 1992-இல் வெளிவந்த 'டெஸ்டினோஸ்' எனும் தொலைக்காட்சிப் பாடம். மொத்தம் 52 பகுதிகள். கல்லூரிகள் பல இதனை ஏற்றன. பின்னாளில் இணையத்திற்கும் வந்தது.

வடிவமைத்த பில் வான்பேட்டன் இலக்கண வாய்பாட்டைக் கொண்டு தொடங்கவில்லை. கதையைக் கொண்டு தொடங்கினார். 1937 குவெர்னிக்கா குண்டுவீச்சில் மாண்டதாக மெக்சிகோ முதியவர் ஒருவர் நம்பிய முதல் மனைவியைத் தேடி, ராக்கேல் எனும் வழக்கறிஞர் ஸ்பெயின், அர்ஜென்டினா, புவேர்ட்டோ ரிக்கோ எனப் பயணிக்கிறார். பகுதியின் இறுதியில் நடந்தவற்றை அவரே எளிய ஸ்பானிய மொழியில் மீண்டும் கூறுவார். என் கணிப்பில் பாடத்தின் உயிரே இதுதான்.

ஆயினும், மாணவர் பிழையாக உச்சரித்தால் திரை திருத்தாது. அதற்குக் கல்லூரி ஆசிரியரே வேண்டியிருந்தார்.