கூஃபா: நாணல் குடிலிலிருந்து செங்கல் வீட்டிற்கு

ஹிஜாஸ், நஜ்து, யமன் ஆகிய பகுதிகளிலிருந்து ஈராக்கிற்குச் சென்ற அரபுக் குலத்தாருள் ஒரு பெரும் பகுதியினர் முதலில் தங்கியது பாரசீகரின் தலைநகராக இருந்த மதாயினில். அவ்வூரின் காற்றும் ஈரமும் அவர்களுக்கு ஒவ்வவில்லை; உடல் மெலிந்து, நிறமும் மாறிற்று. இதனை அறிந்த கலீஃபா உமர் (ரலி), ஒட்டகத்திற்கு ஒத்துவரும் நிலமே இம்மக்களுக்கும் ஒத்துவரும் எனக் கருதினார். தமக்கும் அவர்களுக்கும் இடையே ஆறோ கடலோ குறுக்கிடாத இடமொன்றைத் தேடுமாறு தளபதி ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களைப் பணித்தார். இவ்வாறு ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) உருவானதே கூஃபா.

முதலில் குறிக்கப்பட்டது பள்ளிவாசல். வில்லாளி ஒருவர் நடுவில் நின்று நாற்புறமும் அம்பெய்தார். அம்புகள் வீழ்ந்த எல்லைக்கு அப்பால்தான் வீடுகள். பெருந்தெருக்களுக்கு 40 முழ அகலமும், அடுத்தவற்றிற்கு 30, 20 முழமும், சந்துகளுக்கு 7 முழமும் வகுக்கப்பட்டன.

வீடுகளோ வெறும் நாணல் குடில்கள். பஸ்ராவில் குடியேறியோர் படையெடுத்துச் செல்லும்போது குடிலைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டு, திரும்பியபின் மீண்டும் எழுப்பினராம். நிலைத்துத் தங்குவோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை போலும். இன்றும் நகருக்கு வந்தவர் பலர் ஒரு கட்டில்கூட வாங்காமல் பாயிலேயே சில ஆண்டுகளைக் கழிப்பதை நாம் காண்கிறோம் அல்லவா?

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு தீ விபத்து. கூஃபாவில் 80 குடில்கள் எரிந்ததாகத் தபரீ எழுதுகிறார். அதன்பின் செங்கல்லால் கட்ட அனுமதி கேட்டனர். உமர் (ரலி) அனுமதித்தார். ஆனால் எவரும் மூன்று அறைகளுக்கு மேல் கட்டலாகாது, உயரத்தில் போட்டியிடலாகாது என்றார். சந்தைக்கும் பள்ளிவாசலின் முறையே விதிக்கப்பட்டது: முதலில் வந்து அமர்ந்தவருக்கே அவ்விடம், அவர் எழுந்து செல்லும்வரை. முன்பின் அறிமுகமற்ற ஊரில் கடை விரிக்க வந்த ஏழைக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஸஅத் (ரலி) அவர்களின் மாளிகை சந்தையை அடுத்திருந்தது. இரைச்சல் தாளாமல் அவர் கதவு அமைத்துக்கொண்டார் என்ற செய்தி மதீனாவை எட்டியது. முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அனுப்பப்பட்டார். வந்தார், விறகு வாங்கினார், கதவை எரித்தார். தம்மைக் குறித்துக் கூறப்பட்ட சொற்களைத் தாம் சொல்லவில்லை என ஸஅத் (ரலி) மறுத்தார்; உமர் (ரலி) அதனை ஏற்றுக்கொண்டார். ஆயினும், ஆளுநருக்கும் புதிதாய் வந்த மக்களுக்கும் நடுவே ஒரு கதவு நிற்பதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை.

குலத்தார் குலத்தாரோடே அருகருகே குடியமர்த்தப்பட்டனர். அரசு வழங்கிய ஆண்டு உதவித்தொகையை ‘அரீஃப்’ எனும் பொறுப்பாளர் தம் குழுவினருக்குப் பங்கிட்டார். பழகிய முகங்கள் பக்கத்திலிருந்தது புதியவர்க்குப் பேருதவி. ஆனால் தொகை சமமாக இல்லை. காதிசிய்யாப் போரில் பங்கேற்றோர்க்கு 2,000 திர்ஹம். பின்னர் வந்தோர்க்கு அது 500, 300 எனக் குறைந்தது. முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்ற இந்த வேறுபாடு, ஆண்டுகள் செல்லச் செல்ல நகரின் தீராப் பூசல்களுள் ஒன்றாயிற்று. ஆளுநர் ஸியாத் பிற்காலத்தில் ஏழாக இருந்த குலப்பிரிவுகளை நான்காக்கி, வெவ்வேறு குலத்தாரை ஒரே தலைவரின்கீழ் கலந்து வைத்தார்.

இரண்டு தலைமுறைக்குள் கூஃபா அறிஞர்களின் நகராகிவிட்டது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பட்டியலில் இப்ராஹீம் என்ற பேரறிஞரின் பெயருக்குப் பின்னால் ‘நகஈ’ என யமன் நாட்டுக் குலத்தின் பெயரும், அதையடுத்து ‘கூஃபீ’ என ஊரின் பெயரும் நிற்கின்றன.