மசகெண்ணெயும் அதன் அளவுகோலும்

மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்து இட்டதை நம் முன்னோர் நன்கறிவர். உராயும் இரு பரப்புகளுக்கிடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்குமாயின் தேய்வும் சூடும் குறையும். மோட்டார் வண்டிக்கும் தத்துவம் அதுவே. ஆயினும், எந்த எஞ்சினுக்கு எந்த எண்ணெய் என்பதை ஐயமின்றிச் சொல்லத்தக்க அளவுகோல் ஒன்று உருவாகப் பல ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றை அறிந்தவர், கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி ஏமாற வேண்டியதில்லை.

நீராவி இயந்திரங்களுக்கு முதலில் மிருகக் கொழுப்பையும் தாவர எண்ணெய்களையுமே இட்டனர். நீராவியின் வெப்பத்தில் அவை சிதைந்து, அமிலமாகி, உலோகத்தை அரித்தன. 1859 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னர், மண்ணெண்ணெய்க்கு அடுத்தபடியாக மசகெண்ணெயும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கலாயிற்று. எனினும் விளக்கெண்ணெயின் காலம் முடிந்துவிடவில்லை. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899 இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம், பெட்ரோலிய எண்ணெயுடன் ஆமணக்கெண்ணெயைக் கலந்து விற்றது. ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்னும் பெயர் பிறந்தது. முதல் உலகப் போரின் விமானங்கள் பலவற்றில் இருந்த சுழல் எஞ்சின்களுக்கும் ஆமணக்கெண்ணெயே உகந்ததாயிற்று. ஏனெனில் அது பெட்ரோலில் எளிதில் கரையாது. ஆனால் நாட்பட்டால் பிசினாக ஒட்டிக்கொள்ளும் குறை அதற்கு இருந்தது.

தொடக்க நாட்களில் 'இலேசானது', 'கனமானது' என்னும் சொற்களே வாங்குவோர்க்கு வழிகாட்டி. ஒரு கடையின் இலேசான எண்ணெய் மற்றொரு கடையில் கனமானதாக இருக்கலாம். இக்குழப்பத்தை நீக்க, 1905 இல் அமைந்த அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911 இல் எண்ணெய்க்கான வரையறையை வெளியிட்டது. பின்னர் 20, 30, 40 என்னும் எண்கள் வழக்கிற்கு வந்தன. இவ்வெண்கள் குறிப்பது தடிப்பை மட்டுமே. தரத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. எண் பெரிதானால் எண்ணெய் சிறந்தது என்னும் எண்ணம் பிழையானது.

குளிர்நாட்டு விடியற்காலையில் எண்ணெய் உறைந்தாற்போல் தடித்து, வண்டி கிளம்ப மறுத்தது. எனவே 1930களில் 'டபிள்யூ' என்னும் எழுத்துடன் கூடிய எண்கள் சேர்ந்தன. குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. 1950களில் பலதர எண்ணெய்கள் பரவின. 20டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் வகையையும், பின் எண் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அதன் தடிப்பையும் காட்டும்.

தரத்திற்குத் தனி அளவுகோல் தேவைப்பட்டது. 1947 இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் எண்ணெய்களைச் சாதாரணம், உயர்வகை, கடும் உழைப்பு வகை என மூன்றாகப் பிரித்தது. இப்பொழுது பெட்ரோல் வண்டிக்குரிய எண்ணெய் 'எஸ்' என்ற எழுத்தாலும், டீசலுக்குரியது 'சி' என்ற எழுத்தாலும் தொடங்கும் குறியைப் பெறுகின்றன. 'எஸ்.ஏ.' என்னும் பழைய குறியுடைய எண்ணெய், 1930க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான எஞ்சின்களுக்கு ஏற்றதன்று என்று அக்கழகமே எச்சரிக்கிறது. விலை மலிவென்று அதனை வாங்குவோர், எஞ்சினையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

நம் நாட்டில் 1901 இல் அஸ்ஸாமின் திக்பாயில் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியது. 1972 இல் இந்தியன் ஆயில் நிறுவனம் 'சர்வோ' எண்ணெயை அறிமுகப்படுத்தியது. 2014 இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகள் தடித்த எண்ணெயிலேயே பழகியவை. இன்றைய எஞ்சின்களிலோ பாகங்களின் இடைவெளி நுண்ணியது. 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய்களைப் பல வண்டிகளுக்கு அவற்றைச் செய்தவர்களே விதிக்கின்றனர்.

சென்னையில் குளிர் என்பது பெயரளவில்தான். தில்லியின் தை மாதக் காலையும் சிம்லாவின் பனியும் அவ்வாறல்ல. ஊரில் தந்தையார் இட்ட எண்ணெயையே மகனும் அங்கே இடுவது, பஞ்சு மெத்தை வியாபாரியிடம் கம்பளி கேட்பதை ஒக்கும். ஆதலின் வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் வண்டியுடன் தரப்படும் கையேட்டை முதலில் பார்க்க வேண்டும். அதிலுள்ள எண்ணும் எழுத்தும் டப்பாவின் மேல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். அவ்வெண்ணையும் எழுத்தையும் தெளிவாக்க அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்தனர். அவற்றைப் படித்துப் பார்க்க நமக்கு ஒரு நிமிடம் போதும்.