ஆச்சி படமும் பெட்ஸ்வால் லென்சும்

போன பொங்கலுக்கு சிவகிரி போயிருந்தப்ப, புது மிரர்லெஸ் கேமராவுல 50 மி.மீ. பிரைம் லென்சை மாட்டி, ஆச்சியைத் திண்ணையில உக்கார வெச்சு ஒரு படம் எடுத்தேன். எஃப் 1.8. கேமராவே கண்ணைத் தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணிருச்சு. முகம் பளிச், பின்னாடி எல்லாம் ஒரே கலங்கல். பெருமையாக் காட்டினா, ஆச்சி கேட்டது இதுதான்: "மூஞ்சி நல்லாத்தாம்ல இருக்கு. வீட்ட எங்கல காணோம்?"

திருதிருன்னு முழிச்சேன். அதான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தலாம்னு...

1839ல் பாரிசில் டாகேரின் முறை வெளியானப்ப, அந்த கேமரா லென்ஸ் ஏறக்குறைய எஃப் 15தான். கட்டடம் அசையாம நிக்கும், மனுஷன் நிப்பானா? நிமிஷக்கணக்கா சிலையாட்டம் உக்காரணும். வியன்னாவில் கணிதப் பேராசிரியரா இருந்த யோசப் பெட்ஸ்வால் 1840ல் ஒரு லென்சைக் கணக்குப் போட்டே வடிவமைச்சார். கணக்குத் தெரிஞ்ச பீரங்கிப் படை ஆட்களை அவருக்கு உதவிக்குக் கொடுத்தாங்க. ஃபோக்ட்லெண்டர் செஞ்சு வித்த அந்த லென்ஸ் எஃப் 3.6. வெளிச்சம் பதினைஞ்சு மடங்குக்கும் மேல! நம்ம ஃபாஸ்ட் பிரைமுக்கெல்லாம் பாட்டன் இவர்தான். நடுவுல கூர்மை, ஓரமெல்லாம் சுழல் மாதிரி கலங்கல். அழகுக்காக யாரும் அதைக் கேட்கல. வெளிச்சத்தைத் தேடிப் போனப்ப கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது.

நம்ம பக்கம் 1856ல் அலெக்சாண்டர் ஹன்டர் முயற்சியில் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கினாங்க. அரசுப் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்னு சுத்தி எடுத்ததில் பெரும்பாலும் கோயிலும் அரண்மனையும்தான். நம்ம ஜனங்க முகத்தைப் படமாக்கினது பின்னாடி வந்த ஸ்டுடியோக்காரங்க. 1880லிருந்து 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோட தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கு.

இந்த ஸ்டுடியோக்காரங்க பின்னணியைக் கலங்க விடல. துணியில வரைஞ்சு மாட்டினாங்க: தூணு, மாடிப்படி, திரைச்சீலை, பூந்தோட்டம். ஆச்சி கல்யாணப் படமும் அப்படித்தான். சங்கரன்கோவில் ஸ்டுடியோவுல எடுத்தது. குடிசைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பொண்ணுக்குப் பின்னாடி அரண்மனைப் படிக்கட்டு! முகத்தைக் காட்ட மட்டும் படம் எடுத்துக்கலங்க. எங்க நிக்க ஆசையோ, அங்க நின்னாங்க.

அந்தக் குடிசையைத்தான் தாத்தாவும் ஆச்சியும் சீட்டுப் போட்டு, கல்லு மண்ணு சுமந்து ஓட்டு வீடா ஆக்கினாங்க. வரைஞ்ச படிக்கட்டு இனி ஆச்சிக்கு எதுக்கு? நிஜ வீடு பின்னாடி நிக்குது. நான் அதைத்தான் லென்சால அழிச்சுட்டேன்.

அப்புறம் பத்தடி பின்னால போயி, எஃப் 8ல திரும்ப எடுத்தேன். திண்ணை, ஓடு, அதுக்கு மேல மலை, எல்லாம் தெளிவு. "இதத்தாம்ல மாட்டணும்"னாங்க.

சித்திரையில வீட்டை இடிச்சாச்சு, மாடி கட்டுறதுக்காக. புதுச் சுவர்ல ஆணி அடிச்சு முதல்ல மாட்டினது அந்த எஃப் 8 படம்தான்.