காசநோய் என்று எழுதப்பட்ட சாவுகள்

சிமெண்ட் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று நாம் சொல்லும் சாம்பல் நிறக் கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சித்திரை வெயிலில் வீட்டுக்குள் உட்கார முடியாது என்பதுதான் அதன் மேல் நமக்கு இருந்த புகார். அந்த ஷீட்டுக்குள் சிமெண்டைப் பிடித்துவைத்திருக்கும் கல்நாருக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று பள்ளியிலும் சொல்லவில்லை, கல்லூரியிலும் சொல்லவில்லை. அந்த வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் தென்னாப்பிரிக்காவில், வடக்கு கேப் பகுதியின் பிரீஸ்கா என்ற ஊரையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் சேர்ந்தவை. யார் எந்தத் தூசியைச் சுவாசிக்க வேண்டும் என்பதைப் பிறப்பு தீர்மானித்த இடம் அது. அதனால் அதை நாம் படித்தாக வேண்டும்.

அந்த மலைகளில் கிடைத்தது நீலக் கல்நார். குரோசிடோலைட் என்பது அதன் அறிவியல் பெயர். அதை வெட்டி விற்பதற்காக 1893இல் லண்டனில் கேப் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. வேலை நடந்த விதத்தைக் கவனியுங்கள். ஆண்கள் பாறையை வெட்டி எடுப்பார்கள். பெண்களும் குழந்தைகளும் தரையில் உட்கார்ந்து, சுத்தியலால் கல்லைத் தட்டி நாரைப் பிரிப்பார்கள். கூலி எடைக்கு. கணக்குப் பெரும்பாலும் ஆணின் பெயரில். மனைவியும் பிள்ளைகளும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தொழிலாளிகள். நம் ஊர் செங்கல் சூளையில் முன்பணம் வாங்குவது ஒருவர், கல் அறுப்பது மொத்தக் குடும்பம். அதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

தூசி ஆளைக் கொல்லும் என்பது அப்போது தெரியாது என்று கம்பெனிகள் பிற்பாடு சொன்னார்கள். தெரியும். 1924இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கல்நார் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா நுரையீரல் இறுகி இறந்தார். அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் அதை மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் அரசு ஆய்வறிக்கை வந்தது. 1931இல் கல்நார் ஆலைகளில் தூசியை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், தொழிலாளிகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பிரிட்டனில் சட்டவிதிகள் வந்தன. லண்டனை ஒட்டிய பார்க்கிங்கில் கேப் கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது, அதற்கு அந்த விதிகள் பொருந்தின. அதே கம்பெனியின் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் பொருந்தவில்லை. 1940களின் கடைசியில் அங்கு ஒரு சுரங்கத்தைப் பார்வையிடப் போன அரசு மருத்துவர் ஷேப்பர்ஸ், பெரிய சாக்குகளுக்குள் சிறு பிள்ளைகளை நிற்கவைத்து, தலைமேல் கொட்டும் நாரை அவர்கள் காலால் மிதித்து அமுக்குவதைக் கண்டார். பக்கத்தில் சவுக்கோடு ஒரு மேற்பார்வையாளர் நின்றிருந்தார். ஒரே தூசி, ஒரே முதலாளி. ஓர் இடத்தில் சட்டம், இன்னோர் இடத்தில் சவுக்கு.

இனி அந்த நோயைப் பற்றி. கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. மூச்சோடு உள்ளே போனால் கரையாது, உடலால் அதை உடைக்கவும் முடியாது. சிலருக்கு நுரையீரல் இறுகுகிறது, சிலருக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது. இன்னும் சிலருக்கு நுரையீரலையோ வயிற்றையோ போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வருகிறது. மற்றவர்களிடம் மிக அரிதாகவே காணப்படும் நோய் அது. தூசி உள்ளே போய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். அதற்குள் சுரங்கம் கைமாறியிருக்கும், மேஸ்திரி செத்திருப்பார், கூலிச்சீட்டு காணாமல் போயிருக்கும்.

கிம்பர்லி நகரத்துக் காசநோய் மருத்துவமனையில் ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஊருக்குக் கிழக்கேயிருந்து வரும் நோயாளிகள் காசநோய் மருந்தில் தேறினார்கள். மேற்கேயிருந்து, அதாவது கல்நார் மலைகளின் பக்கமிருந்து வருகிறவர்களில் சிலர் தேறவில்லை. நெஞ்சு உறை தடித்து, நீர் கோத்து இறந்தார்கள். 1956இல் ஜோகன்னஸ்பர்க்கில் நோயியல் மருத்துவர் கிறிஸ் வாக்னர், காசநோய் என்று கருதப்பட்ட ஒருவரின் பிணப் பரிசோதனையில் கட்டியைக் கண்டார். பிறகு ஸ்லெக்ஸும் வாக்னரும், அறுவை மருத்துவர் மார்ச்சண்டும் சேர்ந்து ஒவ்வொரு நோயாளியிடமும் குடும்பத்திடமும் சாதாரணமான ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: எங்கே பிறந்தீர்கள், சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள்?

1960இல் 33 பேரைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் நீலக் கல்நாரோடு தொடர்பு தெரிந்தது. அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள். வீட்டுவேலை செய்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், ஒரு கணக்கர்கூட உண்டு. சுரங்கத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளாக விளையாடி வளர்ந்ததே காரணமாகப் போதுமானதாக இருந்தது.

அதோடு சுரங்கங்கள் மூடப்பட்டன என்று எழுத ஆசைதான். ஆனால் அந்நாட்டின் கல்நார் உற்பத்தி உச்சம் தொட்டதே அதன் பிறகு, 1970களில். சுரங்க நோய்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் அந்தப் பத்தாண்டிலும் இனம் பார்த்தே கொடுத்தது. வெள்ளையருக்கு ஒரு கணக்கு, கலப்பினத்தார் என்று வகைப்படுத்தப்பட்டோருக்கு ஒன்று, கறுப்பருக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. அந்த வேறுபாடு சட்டத்திலிருந்து நீங்கியது 1993இல். நுரையீரலில் படிந்த இழை ஒன்றுதான், நுரையீரலின் விலை மட்டும் படிநிலைப்படி. அம்பேத்கரின் படிநிலைச் சமத்துவமின்மையைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

கேப் கம்பெனி 1979இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் போனது. பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை. தாய்க் கம்பெனி லண்டனில் இருக்கிறது, வழக்கும் லண்டனில்தான் என்றார்கள். உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே போங்கள் என்றது கம்பெனி. அங்கே வழக்கு நடத்தச் சட்ட உதவியோ பணமோ கிடைக்காது, திருப்பி அனுப்பினால் அது நீதி மறுப்பு என்று 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2001இல் 2.1 கோடி பவுண்ட் தருவதாக ஒப்புக்கொண்ட கம்பெனி அதைக் கட்டவில்லை. 2003இல் 75 லட்சம் பவுண்டில் முடிந்தது. வழக்காளிகள் ஏறத்தாழ 7,500 பேர். தலைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். இதை நாங்கள் வெற்றி என்று சொல்லத் தயங்குகிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் அந்தக் காசும் இல்லை.

தென்னாப்பிரிக்கா 2008இல் கல்நாரைத் தடைசெய்தது. பிரிட்டன் 1999இலேயே செய்துவிட்டது. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் இன்னும் இறக்குமதியாகி ஷீட்டாகிறது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொல்லிவிட்டது. உடையாமல் தலைக்கு மேலே கிடக்கும் ஷீட்டைவிட, அதை அறுப்பது, துளை போடுவது, உடைத்து அள்ளுவதுதான் பெரிய ஆபத்து. அந்த வேலை யார் கையில் வந்து சேர்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜார்க்கண்டில், சாய்பாசாவுக்கு அருகில் ரோரோ மலையில் ஹோ ஆதிவாசிகள் வேலை செய்த கல்நார்ச் சுரங்கம் 1983இல் கைவிடப்பட்டது. கழிவை மலைச்சரிவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதன் கீழே வயல்களும் ஊர்களும் இருக்கின்றன.

1995இல் நம் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டு 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கவும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஒப்பந்தக்காரரிடம் நான்கு மாதம் ஷீட் அறுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனவரின் பதிவு யாரிடம் இருக்கிறது? நாற்பது ஆண்டு கழித்து அவர் நெஞ்சில் நீர் கோத்து அரசு மருத்துவமனைக்கு வரும்போது, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்களா, சளியை எடுத்துக்கொண்டு காசநோய் என்று எழுதி அனுப்பிவிடுவார்களா?