ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்: பார்த்தா செடான், திறந்தா ஹேட்ச்பேக்! என்ன ஸ்பெஷல்?

டிக்கியைத் திறந்தால் பின்பக்கக் கண்ணாடியும் சேர்ந்தே மேலே எழும். அதனால்தான் செடான் மாதிரி தெரியும் ஆக்டேவியா ஆர்எஸ், உண்மையில் ஹேட்ச்பேக் ரகம். 2025 அக்டோபரில் இந்தியாவில் அறிமுகமான இந்த காரில் அப்படி என்ன இருக்கு?

இன்ஜின்: 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல். 265 பிஎஸ் பவர், 370 நியூட்டன் மீட்டர் டார்க். 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்.

வேகம்: 100 கி.மீ. வேகத்தைத் தொட 6.4 விநாடி போதும். அதிகபட்ச வேகம் மணிக்கு 250 கி.மீ.

வளைவில் எப்படி? இன்ஜின் சக்தி முழுக்க முன் சக்கரங்களுக்குத்தான். வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உள்பக்க டயர் சும்மா சுழலப் பார்க்கும். அப்போது பிடிப்புள்ள வெளிப்பக்க சக்கரத்துக்கு சக்தியை மாற்றிவிடும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். காரும் வளைவை விட்டு வெளியே இழுக்காது.

இடவசதி: டிக்கி 600 லிட்டர். குடும்பத்தோட லக்கேஜ் தாராளமா அடங்கும்.

விலை: 2025-ல் அறிமுகமானபோது எக்ஸ்-ஷோரூம் ரூ.49.99 லட்சம். முழுதாக இறக்குமதி, இந்தியாவுக்கு 100 கார்கள் மட்டுமே.

கவனிக்க: சாதாரண ஆக்டேவியாவைவிட 15 மி.மீ. தாழ்வானது. 19 இன்ச் வீலில் மெல்லிய டயர். ஹைவேயில் பறக்கிற கார்தான். ஆனா நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரிலும் பள்ளத்திலும் மெதுவாகத்தான் போகணும்.